கார்டு சும்மா கிடந்த நாட்கள்

நான் எங்கே நிற்கிறேன், என்ன வாங்குகிறேன் என்பதெல்லாம் குவைத்தில் நர்ஸாக இருக்கும் என் மகளுக்கு உடனுக்குடன் தெரிந்துவிடும். அவளுடைய கிரெடிட் கார்டோடு சேர்த்து என் பெயரிலும் ஒரு கார்டு எடுத்துத் தந்திருக்கிறாள். அதை நான் எந்தக் கடையில் தேய்த்தாலும் கடையின் பெயரும் தொகையும் அவளுடைய போனுக்குப் போகும். அவளுக்கு டூட்டி இல்லாத நேரமென்றால், கேரள எல்லையில் உள்ள எங்கள் பனச்சமூட்டில் மருந்துக் கடைப் படியிறங்கி ஸ்கூட்டரைக் கிளப்புவதற்குள் கூப்பிட்டுவிடுவாள். என்ன மருந்து, யாருக்கு, எதற்கு என்று மூன்று கேள்வி. ஹலோகூடக் கிடையாது.

என் குணத்துக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று என்னை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாறசாலைப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகள் போட்ட தையல் கோணலாக இருந்தால் முழுக்கப் பிரித்து மறுபடி போட வைத்தவள். எனக்கு மேல் ஒருத்தி உட்கார்ந்து கண்காணிப்பது என்றால் மூக்குக்கு மேல் கோபம் வரும். "தலைவலித் தைலமாக்கும் வாங்கினேன், விஷம் ஒண்ணும் இல்ல" என்று வெடுக்கென்று சொல்வேன். அவள் சிரித்துவிட்டு வைத்துவிடுவாள். மறுநாள் பெட்ரோல் போட்டால் மறுபடி கூப்பிடுவாள்.

எல்லையோரத்தில் இருப்பவர்கள் கார்டு வைத்துக்கொள்வதில் ஒரு தனிச் சங்கடமும் உண்டு. எங்கள் வீட்டுக்கு அரிசியும் காய்கறியும் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து, மீனும் மருந்தும் கேரளப் பக்கத்திலிருந்து. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். ஒருநாள் அந்தப் பக்கத்துக் கடையில் அரிசிக்குக் கார்டைத் தேய்த்துவிட்டு, ரோட்டைக் கடந்து இந்தப் பக்கம் வந்து மருந்துக்குத் தேய்த்தேன். கார்டு வேலை செய்யவில்லை. வங்கியிலிருந்து ஒரு பையன் கூப்பிட்டான். முதலில் இந்தியில், பிறகு இங்கிலீஷில். இத்தனை குறைந்த நேரத்துக்குள் இரண்டு மாநிலங்களில் கார்டு உபயோகமாகியிருக்கிறது, களவு போய்விட்டதா என்று கேட்டான். களவு போகவில்லை, ரோட்டைக் கடந்தேன் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. இப்போது எந்த மாநிலத்தில் நிற்கிறீர்கள் என்றான். ஸ்கூட்டர் ஒன்றில் நிற்கிறது, நான் இன்னொன்றில் நிற்கிறேன் என்று சொன்ன பிறகு அவனும் சிரித்துவிட்டான்.

சபையில் ஆராதனை முடிந்ததும் பெண்கள் சங்கத்தில் அப்போது கார்டா போனா என்ற பேச்சுதான். காணிக்கைப் பைக்குப் போட்டியாக வாசல் தூணில் கியூஆர் ஒட்டியிருந்த காலம். சங்கத்துச் செயலாளர் என் பக்கத்து வீட்டுக்காரி, நான் இந்த ஊருக்கு வந்த நாள் முதல் என் கூட்டுக்காரி. அவள் போன் கட்சி. கார்டு கீழே விழுந்தால் எடுத்தவன் மெஷினில் சும்மா தொட்டாலே போதும், சின்னத் தொகைக்குப் பின் நம்பர்கூடக் கேட்பதில்லை என்பாள். போனென்றால் திறக்க ஒரு பூட்டு, உள்ளே பணம் வைக்கிற வாலெட் ஆப்புக்கு இன்னொரு பூட்டு. வாலெட்டில் வாரச் செலவுக்கு உள்ளதை மட்டும் போட்டு வைத்தால், கள்ளன் உள்ளே புகுந்தாலும் அதுதான் போகும், வங்கியில் உள்ளது பத்திரமாக இருக்கும். நான் கார்டு கட்சி. கார்டுக்குச் சார்ஜ் போட வேண்டாம், ரேஞ்சு தேடிக் கையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏற வேண்டாம், யாரும் அதில் குட்மார்னிங் அனுப்ப மாட்டார்கள். இப்படி நாங்கள் வாதாடிக்கொண்டே இருப்போம். போதகர் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்.

ஆனால் எவன் திருடுவான் என்பதை மட்டுமே நாங்கள் பேசினோம். வீட்டு ஆட்களிடமிருந்து ஒன்றை மறைக்க எது உதவும் என்று யாரும் பேசவில்லை. அந்தக் கேள்வி எனக்குத்தான் வந்தது.

கழுத்துச் சங்கிலி ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். தையல்காரிக்குக் கண் அளவு தப்பாது. தொட்டுப் பார்த்தபோது குரல்வளைக்கு இடப்பக்கம் உருண்டையாக ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது, எச்சில் விழுங்கினால் மேலே ஏறி இறங்கியது. வலி இல்லை. அது கெட்ட கட்டி அல்ல என்பது கடைசியில் தெரிந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், வாசிக்கிறவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். அன்றைக்கு எனக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

மகளிடம் சொல்வதில்லை என்று அந்தக் கண்ணாடி முன்னாலேயே முடிவு செய்தேன். அவள் புது ஆஸ்பத்திரிக்கு மாறியிருந்த சமயம் அது. முதல் சில மாதங்கள் சோதனைக் காலம். நடுவில் லீவு கேட்டால் வேலை போகும், விசாவும் போகும். அம்மாவுக்குக் கட்டி என்று கேட்டால் அவள் லீவு கேட்க மாட்டாள், நேரே விமானம் ஏறிவிடுவாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதற்குக் காரணமும் நான்தான் அறிவேன்.

அவளுடைய அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது அவள் எறணாகுளத்தில் குவைத் போவதற்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வாயுத் தொல்லை, கஷாயம் கொடுத்தேன் என்று போனில் சொன்னேன். அவரும் பக்கத்திலிருந்து, நன்றாக இருக்கிறேன், நீ ஒழுங்காக எழுது என்று குரலைத் திடப்படுத்திச் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு அது, அவளுக்கு நல்லது என்றே எடுத்தோம். பரீட்சை முடிந்து அவள் வந்தபோது அவர் முற்றத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தார். அவள் அலறவில்லை. எப்போது தொடங்கியது என்று மட்டும் என்னிடம் கேட்டாள். சொன்னேன். அதன் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை. குவைத்துக்குப் போய் முதல் லீவுக்கு வந்தபோது இந்தக் கார்டைக் கையில் தந்தாள். எனக்குப் பென்சன் வருகிறது, எதற்கு என்று முறுக்கினேன். சும்மா வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எல்லாவற்றுக்கும் இதைத்தான் தேய்க்க வேண்டும் என்று கட்டாயமாகச் சொன்னாள். மகள் சம்பாத்தியத்தில் பெருமை காட்டுகிறாள் என்று நினைத்தேன்.

கட்டியைக் காட்ட எங்கே போவது என்பது அடுத்த சிக்கல். எங்கள் பக்கம் இரண்டு வீட்டுக்கு ஒரு நர்ஸ் உண்டு. அவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில், மீதிப் பேர் வெளிநாட்டுக்குப் போக எழுதிக்கொண்டிருக்கிறவர்கள். ஒருத்தியோடு ஒருத்தி படித்தவள், ஒருத்தியின் நாத்தனார் இன்னொருத்தி. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் நான் தும்மினால் குவைத்தில் கைக்குட்டை எடுப்பார்கள். அதனால் எல்லையைத் தாண்டி மார்த்தாண்டம் பக்கம் போய், என்னை யாருக்கும் தெரியாத ஒரு ஆஸ்பத்திரியில் காட்டுவது என்று தீர்மானித்தேன்.

பணத்துக்குத்தான் வாலெட். கார்டைத் தேய்த்தால் ஆஸ்பத்திரியின் பெயர் அவளுடைய போனில் போய் நிற்கும். பக்கத்து வீட்டுக்காரியிடம் போய், உன் கட்சிக்கு வந்துவிட்டேன், போனில் போட்டுத் தா என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். மிக்சர் கொண்டு வந்து வைத்தாள். கைரேகை வைக்கச் சொன்னாள், பின் நம்பர் போடச் சொன்னாள், என் பென்சன் கணக்கிலிருந்து கொஞ்சம் ஏற்றியும் காட்டினாள். இனி மெசேஜ் எல்லாம் எனக்கு மட்டும்தானே வரும் என்று இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டபோது அவள் மிக்சர் தட்டை நகர்த்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவளிடம் மட்டும் சொன்னேன். பைபிள் மேல் கைவைத்துச் சத்தியம் பண்ண வைத்தேன், மகளிடம் மூச்சு விடக் கூடாது என்று.

மார்த்தாண்டத்தில் கழுத்தில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அதைவிடக் கஷ்டம் பணம் கட்டின இடத்தில். பரம ரகசியமாகப் போனவள் நான். கவுண்டரில் போனைக் காட்டிக் கட்டியதும் மேசை மேல் இருந்த ஒரு சின்னப் பெட்டி, இத்தனை ரூபாய் வந்து சேர்ந்தது என்று வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கக் கூவியது. பூட்டுக்கு மேல் பூட்டு என்று என் கூட்டுக்காரி சொன்ன பத்திரம் இதுதான். ரத்தம் எடுக்க வந்த பெண் ஊர் எது என்று கேட்டாள். நாகர்கோவில் என்றேன்.

"அம்மச்சிக்கப் பேச்சு நாகர்கோவில் பேச்சு இல்லியே. பாறசாலைப் பக்கமாக்கும்," என்றாள். அவளுக்குச் சொந்த ஊர் பாறசாலைக்கு அடுத்த காரோடு. எனக்கு ஓடுகிற ரத்தமும் நின்றுவிட்டது. நல்லவேளை, என் மகளை அவள் அறியவில்லை. ஆனால் அவளுடைய அக்கா குவைத்தில்தான் இருக்கிறாளாம்.

கட்டி சந்தேகமாக இருக்கிறது, எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொன்னார். மகளுடைய சோதனைக் காலம் முடிவதைக் கணக்கிட்டு, சில மாதம் தள்ளிப் போடலாமா என்று கேட்டேன். காரணத்தைச் சொல்லவில்லை. ரொம்பத் தள்ள வேண்டாம் என்றார்.

இதற்கிடையில் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். பையில் கார்டும் போனும் ஒன்றாகக் கிடந்தால் கை பழக்கத்தில் கார்டுக்குத்தான் போகும், ஆஸ்பத்திரியில் மறந்துபோய் அதை நீட்டிவிடுவேன் என்று பயந்து, கார்டை அலமாரியில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அரிசி, மாத்திரை, பெட்ரோல், சோப்பு எல்லாம் போனில். சொல்லப்போனால் சௌகரியமாகவே இருந்தது. மீன்காரியும் வாளியில் கியூஆர் தொங்கவிட்டிருந்தாள். சில்லறைக்குப் பதில் மிட்டாய் வாங்க வேண்டியதில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், மரச்சீனிக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு அன்று விடுமுறை. கூப்பிட்டாள். சாப்பாடு, மழை, சபை எல்லாம் பேசினோம். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அம்மா, பிரஷர் மாத்திரை தீந்திருக்கணுமே. வாங்கலியா?"

வாங்கிவிட்டேன் என்றேன். மெசேஜ் வரவில்லையே என்றாள். இதைத்தான் எதிர்பார்த்துத் தயாராக இருந்தேன். வாலெட்டின் பெருமையை அவிழ்த்துவிட்டேன். கார்டு விழுந்தால் ஆபத்து, தொட்டாலே பணம் போகும், போனில் இரண்டு பூட்டு, உள்ளே கொஞ்சம்தான் இருக்கும். சங்கத்தில் என் கூட்டுக்காரி பேசியதை எல்லாம் என் சொந்தச் சரக்காகப் பேசினேன். அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"பெட்ரோலும் இல்ல. சூப்பர்மார்க்கெட்டும் இல்ல. டூட்டி முடிஞ்சு வந்து நான் போனை எடுத்துப் பாப்பேன், உங்களுக்கக் கார்டுல ஒண்ணும் இருக்காது," என்றாள். "அப்பாவுக்க நேரத்திலயும் இப்படித்தான். உங்ககிட்ட இருந்து ஒரு கெட்ட விஷயமும் வரல்ல."

எனக்குக் கோபம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். என் பென்சன் பணத்தில் நான் சோப்பு வாங்கினால் உனக்கு எதற்கு அறிவிப்பு, நான் என்ன ஜாமீனில் வந்தவளா என்று கத்தினேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"அந்தக் கார்டு பைசாவுக்கு வேண்டித் தந்ததில்லம்மா. பைசா உங்ககிட்ட உண்டுன்னு எனக்கு அறியாதா? அம்ம எழும்பியாச்சு, வெளிய எறங்கியாச்சு, கடை வரைக்கும் போற அளவுக்குச் சுகமா உண்டு. இது எனக்கு யாராவது பறஞ்சு தரணும். நீங்க பறய மாட்டிய. அதனால கார்டு தந்தேன்."

அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். இத்தனை நாளும் என் தொகையை அவள் பார்க்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் தொகையைப் பார்க்கவே இல்லை. அம்மா இன்றைக்கு இருக்கிறாளா என்று பார்த்திருக்கிறாள். வார்டில் நின்றுகொண்டு, அடுத்தவர் வீட்டு நோயாளிக்கு மருந்து ஏற்றிவிட்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, பனச்சமூட்டு மருந்துக் கடையின் பெயரைப் பார்த்து ஒரு மூச்சு விட்டிருக்கிறாள். என் பிள்ளை அப்படி இருந்திருக்கிறாள். அவளிடம் நான் தைலமாக்கும், விஷம் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரிப் பெயர் போய்விடக் கூடாது என்று நான் அடைத்த வழியில்தான் மற்ற எல்லாம் அவளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

சொன்னேன். கழுத்து, மார்த்தாண்டம், ஊசி, டாக்டர் சொன்னது, எல்லாவற்றையும். அழுவாள் என்று நினைத்தேன். அவள் நர்ஸாகிவிட்டாள். எத்தனை பெரிது, விழுங்கும்போது தடை உண்டா, குரல் மாறியிருக்கிறதா, ரிப்போர்ட்டை இப்போதே போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அனுப்பினேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் திரும்பக் கூப்பிட்டாள். அழுதுவிட்டு முகம் கழுவி வந்திருப்பாள்.

வாறேன் என்றாள். வரக்கூடாது என்றேன். அன்றைக்கு முழுவதும் அந்தச் சண்டைதான். நான் பிடிவாதக்காரி என்றால் அவள் என் மகள். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். சோதனைக் காலம் முடிந்த மறுநாள் அவள் புறப்படுவாள், ஆபரேஷனை அதுவரை தள்ளக் கூடாது. நெய்யாற்றின்கரையில் அவளோடு படித்தவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரியில்தான் செய்ய வேண்டும். செலவெல்லாம் கார்டில், ஒரு சாயா குடித்தாலும் கார்டில். சாயாக் கடையில் கார்டு மெஷின் இருக்காது என்று சொல்லிப் பார்த்தேன். அப்போ குடிக்காதீங்க என்றாள்.

ரகசியம் உடைந்ததும் மறு ஞாயிற்றுக்கிழமையே சபையில் பெயர் சொல்லி ஜெபித்துவிட்டார்கள். நர்ஸுகள் வரிசையாக வீட்டுக்கு வந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். பெருங்கடவிளையிலிருந்துகூட ஒருத்தி வந்தாள், எனக்கு அவள் யாரென்றே தெரியாது. ஒவ்வொருத்தியும் போகும்போது, டீச்சர், குவைத்துக்குச் சொல்லணுமா என்று கேட்டுவிட்டுப் போனாள். சொல்லிக்கொள்ளுங்கள் என்றேன்.

ஆபரேஷன் அன்று காலை பக்கத்து வீட்டுக்காரி என்னோடு வந்தாள். வெறும் வயிறு. கவுண்டரில் பணம் கட்டச் சொன்னார்கள். கார்டு மெஷின் மெதுவாக வேலை செய்கிறது, போனிலிருந்து போடுங்கள் என்று உள்ளே இருந்தவர் மலையாளத்தில் சொன்னார். போன் கட்சிக்காரி என் கையைப் பிடித்து, இங்கே நான் போடட்டுமா என்று மெதுவாகக் கேட்டாள். கார்டுதான் என்றேன். எனக்குப் பின்னால் நின்றவர் உச்சுக்கொட்டினார். பெரிய தொகை, தொட்டால் போதாது, பின் நம்பர் கேட்டது. முதல் தடவை தப்பாகப் போட்டேன். இரண்டாவது தடவை மெஷின் நெடுநேரம் யோசித்துவிட்டுச் சீட்டைத் துப்பியது.

அதை வாங்கி மடிப்பதற்குள் போன் அடித்தது. டூட்டி நேரம் அவளுக்கு. வார்டில் போன் பேசக் கூடாது. எங்கேயோ மருந்து அறைக் கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

"மெசேஜ் வந்தாச்சும்மா. இனி கொஞ்ச நேரம் உங்ககிட்ட இருந்து ஒண்ணும் வராதுன்னு எனக்குத் தெரியும். நான் பேடிக்க மாட்டேன்," என்றாள். பிறகு கேட்டாள்: "உங்களுக்குப் பயம் உண்டா?"

எனக்கென்ன பயம், நீ போய் உன் வேலையைப் பார் என்பதுதான் வாயில் வந்து நின்றது. அவளுடைய அப்பாவும் அன்றைக்குக் குரலைத் திடப்படுத்திக்கொண்டு அப்படித்தான் சொன்னார், நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

"உண்டு மக்கா," என்றேன். "நல்லா உண்டு."